பின்னலின் எடை

எடை மெஷின் என் பிரிவின் வரம்பைவிட இருநூறு கிராம் கூடுதலாகக் காட்டியது. ஒரு மணி நேரத்துக்குள் அதைக் குறைக்காவிட்டால் என் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நாளை கூண்டுச் சண்டையில் என்னோடு மோதவிருக்கும் பெனிட்டாவுக்குப் போகும், ஒப்பந்தம் அப்படி. வியர்க்க உடம்பில் தண்ணீரே மிச்சமில்லை. கதவைத் தட்டிக்கொண்டு வந்தது பெனிட்டாவேதான், கையில் கத்தரிக்கோலோடு. இடுப்பு வரை தொங்கிய என் பின்னலைக் கையில் ஏந்திப் பார்த்தாள்.

“இதுவே கால் கிலோ வரும்டி. வெட்டிடவா?”

“உனக்கு வர்ற காசு போயிடுமே?”

“ஜெயிச்சு வாங்கிக்கறேன். தலையை ஆட்டாத.”

எடை சரியாக நின்றது. மறுநாள் மணி அடித்ததும் என் பலம் முழுவதையும் திரட்டி அவள் தாடையில் குத்தினேன். கொஞ்சம் குறைத்துக் குத்தியிருந்தாலும் நன்றிகெட்டவளாகியிருப்பேன்.