தொண்ணூறு நாள் விதி

"இப்பதான் வழி தெரிஞ்சுதாம்மா?" என்றாள் எதிர் ஃப்ளாட் ஸ்டெல்லா.

தாட்சாயணி அப்பா வீட்டு மணியை அழுத்தினாள். அவர் சம்மதிக்காத அவளுடைய கல்யாணம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

கதவைத் திறந்த அப்பா ஞானசிகாமணியின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

"இன்னும் கோபமாப்பா? ரெண்டு வார்த்தை திட்டிடுங்களேன்."

"எங்க திட்டுறது? நீ போனதுலேர்ந்து அவரு யார்கிட்டயும் பேசல. இப்ப பேசவே வரல" என்றாள் ஸ்டெல்லா.

புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்த பிறகு அப்பா கழுத்துக் கருவியில்தான் பேசினார், முன்பே பதிவு செய்து ஏற்றிய தன் சொந்தக் குரலில். அதன் மென்பொருள் அவளுடைய கம்பெனி செய்தது. அவசரமாகக் கருவியின் திரையைத் தட்டினாள்.

'தொண்ணூறு நாள் பயன்படுத்தாத குரல் தொகுப்பு நீக்கப்பட்டது.'

மீட்டிங்கில் அவளே வாதாடி வைத்த விதி. "மூணு மாசம் தொடாததை எவன் சார் தேடப் போறான்? வீட்டாளுக்கு ஒரு மெசேஜ் போடுவோம். பதில் வரலேன்னா சரின்னு எடுத்துக்கலாம்."

'மகளுக்குத் தெரிவிக்கப்பட்டது. பதில் இல்லை. சம்மதமாகக் கொள்ளப்பட்டது.'

மெசேஜ் அப்பாவின் எண்ணிலிருந்து போயிருந்தது. கல்யாணத்தன்றே அவள் பிளாக் செய்த எண்.

'மீட்டெடு' என்பதைத் தொட்டாள்.

'பிரதி இல்லை. பத்து நொடிக்குள் மறுக்காவிட்டால் பொதுக் குரல் ஏற்றப்படும்.'

அவள் விரல் அசையவே இல்லை. பத்து நொடி ஓடியது.

அப்பாவின் கழுத்திலிருந்து யாரோ ஒரு பெண் உற்சாகமாகக் கேட்டாள்.

"வாம்மா தாட்சு. சாப்பிட்டியா?"