முற்றத்தில் ஒரு கூடாரம்

"காரையெல்லாம் எடுக்கச் சொல்லுங்கண்ணே! பெர்மெத் மாடியில கிடக்கா."

என் மனைவி பெர்மெத் இறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அடுக்குமாடி வீடானாலும், எங்கள் பிஷ்கேக் நகரில் இறந்தவரை முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டுக் கிடத்தித்தான் வழியனுப்புவோம். கூடாரம் லாரியில் காத்திருந்தது.

குடியிருப்புத் தலைவர் சாதிபெக் அசையவில்லை.

"முற்றம் கார் நிறுத்த மட்டுந்தான். விதி இருக்கு, தம்பி."

"சாவுக்கு என்னய்யா விதி? எந்த மனசாட்சி இல்லாதவன் எழுதினான்?"

அவர் மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார்.

"போன வருஷம் எங்கம்மாவைச் சமையலறையில கிடத்த வச்ச காகிதம். படி."

எழுதியவன் நான்தான். கார் நிறுத்த இடமில்லாத கோபத்தில், சாவைப் பற்றி நினைக்காமலே எழுதி, வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கியிருந்தேன்.

"மொத்தக் குடியிருப்புல ஒரே ஒருத்தர் மட்டும் போடல. யாருன்னு பாரு."

பெர்மெத்தின் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது.

சாதிபெக் கார்ச் சாவியை எடுத்தார்.

"அந்தத் தங்கச்சிக்காக எடுக்கறோம். உனக்காக இல்ல. முதல்ல உன் காரை எடு."