தொட்டு எழுந்த கணக்கு

விமானங்கள் குறைவாக வந்துபோனால், எங்கள் நெப்ராஸ்கா ஊர் நகராட்சி விமான நிலையத்தை மூடிவிடும். என் பழுதுபார்க்கும் கொட்டகைக்கும் அதோடு பூட்டுதான்.

ஒரு விமானம் தரையைத் தொட்டுவிட்டு உடனே ஏறினால், வந்தது ஒன்று, போனது ஒன்று என்று கணக்கில் இரண்டாக எழுதுவார்கள். கணக்கெடுத்த வாரம் முழுக்க, வயலுக்கு மருந்தடிக்கும் விமானி வெர்னைத் தொட்டுத் தொட்டு ஏறச்சொல்லி விரட்டினேன்.

"ஈ மாதிரி எத்தன தடவடா தொடுறது, லைல்? தலை சுத்துது."

"மூடிட்டா சோளக்காட்டுலதான் இறங்கணும். பேசாம பற."

நகரசபைக் கூட்டத்தில் திட்ட அதிகாரி அம்மாள் வரைபடத்தை விரித்தார்.

"மூடப்போறதில்ல. இவ்வளவு போக்குவரத்துக்கு ஓடுபாதை பத்தாது, நீட்டப்போறோம்."

வெர்ன் என் முதுகில் தட்டினான்.

"எந்தப் பக்கம்மா?" என்றேன்.

"கிழக்கே. யாரோ லைலாம், அவரு கொட்டகை மட்டுந்தான் குறுக்க நிக்குது. இடிச்சிரலாம்."