வயதுச் சான்று

பந்தக்கால் நடத் தோண்டிய குழியருகே ஜீப் வந்து நின்றது. சமூக நலத் துறை அலுவலர் ஈஸ்வரி இறங்கினார்.

"வெள்ளிக்கிழமை இங்க நடக்கப்போற கல்யாணத்துல வயசு குறைவுன்னு போன்ல புகார் வந்திருக்கு."

வீரபாண்டியன் திரும்பித் தம் மகள் அகல்யாவைப் பார்த்தார். பார்வையிலேயே தீர்ப்பு எழுதியாயிற்று.

அவள் காரைக்குடியில் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஏப்ரலில் இறுதித் தேர்வு. 'பரீட்சை முடியட்டும்ப்பா' என்று ஒரு மாதமாகக் கெஞ்சினாள். இரண்டு நாள் பட்டினியும் கிடந்து பார்த்தாள். வீரபாண்டியனின் அக்கா அம்மாக்கண்ணு மசியவில்லை. தன் மகனுக்கு ஆவணியிலேயே முடித்தாக வேண்டும், தாலி ஏறிய பிறகு கல்லூரிப் பேச்சே கூடாது என்றுவிட்டாள். அக்காவின் சொல்லை வீரபாண்டியன் ஒருநாளும் மீறியதில்லை.

"நீதானே போன் போட்டே?"

"சத்தியமா இல்லப்பா."

"நீதான்னு மட்டும் தெரிஞ்சுச்சு, உன் புத்தகம் பூராம் அடுப்புக்குத்தான்."

மாப்பிள்ளை கதிரவன் ஓரமாக நின்று கேசரி தின்றுகொண்டிருந்தான். தாய் கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை என்று ஊரில் பெயர். அத்தனை ரகளையிலும் அவன் வாய் திறந்தது கேசரிக்கு மட்டுமே.

அம்மாக்கண்ணு முந்தானையை இழுத்துச் செருகினாள். "எவன் சொன்னது வயசு கம்மின்னு? தம்பி, எடுத்துட்டு வா எல்லாத்தையும்!"

பிறப்புச் சான்றிதழ் வந்தது. ஆதார் வந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஜாதகம், போலியோ சொட்டு மருந்து போட்ட அட்டைகூட வந்தது.

"நல்லாப் பாருங்கம்மா. பத்தொம்போது முடிஞ்சு பதினோரு மாசம். எம் மகனுக்கும் இவளுக்கும் பத்தே மாசந்தான் வித்தியாசம். இந்தக் கையாலதான் ரெண்டு பேரையும் குளிப்பாட்டுனேன்!"

ஈஸ்வரி அதையும் குறித்துக்கொண்டார்.

"பொண்ணு வயசைப் பத்திப் புகாரே வரலைம்மா. மாப்பிள்ளைக்கு இருபத்தொண்ணு முடியலைன்னுதான் புகார். இப்ப நீங்களே ஒத்துக்கிட்டீங்க."

பந்தல்காரர் பெத்தன் கடப்பாரையைக் கீழே வைத்தார்.

"ஆம்பளைக்கு என்னம்மா வயசு? அவன் மீசையைப் பாருங்க!" என்றாள் அம்மாக்கண்ணு.

"சட்டத்துல மீசையைப் பத்தி ஒண்ணும் எழுதலை. இருபத்தொண்ணு முடியிற வரைக்கும் இந்தச் சட்டப்படி உங்க மகன் குழந்தை."

"குழந்தையா? போன எலெக்சன்ல ஓட்டுப் போட்டவன்மா!"

"ஓட்டுப் போடலாம். தாலி கட்டக் கூடாது."

"அப்பக் கேசரியைப் பிடுங்கிட்டுச் சங்குல பாலைக் குடுங்கப்பா" என்றார் பெத்தன்.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கதிரவன் தலையைக் குனிந்து மிச்சக் கேசரியையும் தின்று முடித்தான்.

குற்றம் எதிர்த்தரப்புக்குப் போனதும் வீரபாண்டியனுக்கு முதுகு நிமிர்ந்தது. போன் போட்டது யார் என்ற ஆராய்ச்சியை அந்த நொடியே கைவிட்டார்.

"ஏக்கா, உம் பிள்ளைக்கு வயசாகலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சின்னப் பயலுக்கா எம் பொண்ணைக் கேட்டு வந்தே?"

"நீ தாய்மாமன்தானடா! அவன் பொறந்தன்னைக்கு நாக்குல இனிப்புச் சேனை தொட்டு வச்சது யாரு? உனக்கு மட்டும் வயசு தெரியாதாக்கும்?"

"பேச்சை மாத்தாதே. எங்க பக்கம் காகிதமெல்லாம் சுத்தம். அவனுக்கு வயசு வர்ற வரைக்கும் எம் மக காலேஜுக்குப் போவா. அவ்வளவுதான்."

வாழ்நாளில் முதன்முறையாக அக்காவை எதிர்த்துப் பேசிவிட்ட வியப்பு அவர் முகத்திலேயே தெரிந்தது. அவர் மனம் மாறுவதற்குள் அகல்யா பையை எடுத்துக்கொண்டு பத்து மணிப் பேருந்துக்குக் கிளம்பிவிட்டாள்.

இரு வீட்டாரும் உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்திட்டனர். பெத்தன் குழியை மூடினார். அம்மாக்கண்ணு, புகார் கொடுத்தவனின் குடும்பத்தை அதன் பெயர் தெரியாமலேயே நெடுநேரம் வைதாள்.

ஈஸ்வரி ஜீப்பில் ஏறினார். கதிரவன் மெல்ல அருகே வந்தான். தாய் நின்ற திசையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், அன்னைக்குப் போன்ல ஒண்ணு கேக்க மறந்துட்டேன். எனக்கு நவம்பர்லயே இருபத்தொண்ணு முடிஞ்சிரும். அகல்யாவுக்குப் பரீட்சை முடிய ஏப்ரல் ஆயிரும். நடுவுல உள்ள அஞ்சு மாசத்துக்கு வேற ஏதாச்சும் சட்டம் இருக்கா?"