மூன்று கால் பறவைகள்

"பறவைக்கு எங்கேயாவது மூணு கால் இருக்குமா?"

சுவரருகே குனிந்து, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கணவன் கேட்டான். அச்சகத்தில் அவனுக்குப் பிழை திருத்தும் வேலை. ஞாயிற்றுக்கிழமையானாலும் அந்தக் கண்ணுக்கு ஓய்வு கிடையாது.

"என் பறவைக்கு இருக்கும்," என்றாள் மனைவி. ஏழு மாத வயிற்றோடு தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, விரலில் ஒட்டியிருந்த நீலப் பெயிண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நேற்று வரை அழுது வடிந்துகொண்டிருந்த சின்ன அறைச் சுவரில், இன்று ஜன்னல் வரைக்கும் நீலப் பறவைகள். இருபதுக்குக் குறையாது. எல்லாம் ஒரே அச்சு. ஒரு இறக்கை பெரிது, ஒன்று சிறிது.

"நான் நேத்து ஓவர்டைம் போன நேரத்துல இவ்வளவு வேலையா? இதுக்கு ஸ்டென்சில் வேற வாங்கினியா?"

"யாரு வாங்கினா? உங்க பழைய பிளாஸ்டிக் ஃபைலைப் பிரிச்சு, மேலே மார்க்கர்ல வரைஞ்சு, பிளேடால வெட்டினேன். முதல் தடவை கண்ணைச் சுத்தி முழுசா வெட்டினதுல கண்ணு தனியா கழண்டு விழுந்துடுச்சு. அடுத்ததுல ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டு வெட்டினேன், நின்னுச்சு. அப்புறம் ஸ்பாஞ்சுல பெயிண்டைத் தொட்டு ஒத்தி எடுக்க வேண்டியதுதான்."

"அதுக்கு ஒழுங்கா ஒரு பூ வெட்டியிருக்கலாமே?"

"எனக்குத்தான் வரைய வராதே. இதைக்கூட எங்கேயிருந்து எடுத்தேன்னா…"

"எங்கேயிருந்து வேணா எடு! பதினோரு மணிக்கு ஹவுஸ் ஓனர் வர்றாரு. ஒழுகற குழாய்க்கு நீதானே போன் பண்ணச் சொன்னே?"

அவளுக்கு அப்போதுதான் அது உறைத்தது. குடிவந்த அன்று ஹவுஸ் ஓனர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். சுவரில் ஆணி கூடாது, பெயிண்ட் கூடாது. மீறினால் அந்த மாதமே காலி செய்ய வேண்டும். இந்த வீடு கிடைப்பதற்குள் இரண்டு மாதம் நாயாய் அலைந்திருந்தார்கள். ஏழாம் மாதத்தில் மறுபடி சட்டி பானையோடு எங்கே போவது?

"மத்த ரூமெல்லாம் பளிச்சுன்னு வெள்ளையடிச்சுட்டு இந்த ஒரு சுவரை மட்டும் விட்டு வெச்சிருக்காரு, கஞ்சப் பிசினாறி! நம்ம குழந்தை கண்ணைத் திறந்ததும் அந்த அழுக்கையா பார்க்கணும்?" குரல் உடைந்துவிட்டது.

அவனுக்கும் மனசு கேட்கவில்லை. "சரி சரி, அழாதே. மறைச்சுடலாம்."

போர்வையைத் தொங்கவிடலாமென்றால் சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. பீரோவை நகர்த்தப் பார்த்தான். பீரோ அசையவில்லை, அவன் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. அதற்குள் காலிங்பெல் அடித்துவிட்டது.

ஹவுஸ் ஓனர் அளந்து பேசுகிற மனிதர். குழாயைக் கழற்றி வாஷர் மாற்றினார். கையைத் துடைத்துக்கொண்டே, "சின்ன ரூமை ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்," என்றார்.

"அங்கே துணி காயுது சார்." கணவன் வாசலை அடைத்து நின்றான்.

"பரவாயில்லை." அவனை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

போனவர் அப்படியே நின்றுவிட்டார். முகம் சிவந்து, உதடு துடித்தது.

"யாரு வரைஞ்சது?"

"மன்னிச்சுடுங்க சார்!" கணவன் முந்திக்கொண்டான். "குழந்தை பிறக்கற வரைக்கும் டைம் குடுங்க. நானே என் கையால வெள்ளையடிச்சுக் குடுத்துடறேன்."

"உங்களைக் கேட்கலை."

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எனக்கு வரையத் தெரியாது சார். கீழே அந்த மூலையில, க்ரேயான்ல ஒரே ஒரு பறவை இருந்துச்சு. ஏதோ குழந்தை வரைஞ்சது மாதிரி. பார்த்ததுமே எனக்குப் பிடிச்சுப் போச்சு. அது மேலேயே ஃபைலை வெச்சு அப்படியே எடுத்தேன். அதை மட்டும் நான் தொடவே இல்லை சார், பாருங்க."

அவர் மூலையில் குனிந்து அந்தக் க்ரேயான் பறவையை விரலால் தடவினார். பிறகு ஒவ்வொரு பறவையாகப் பார்த்துக்கொண்டே ஜன்னல் வரை தலையை உயர்த்தினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெள்ளை மட்டும் அடிச்சுடாதீங்கம்மா," என்றார். "ஜன்னல் வரைக்கும் பறவை வரையப் போறேன்னு ஆரம்பிச்சா என் பொண்ணு. ஒண்ணு முடிக்கறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப நேரமாயிடுச்சு. மீதியை வந்து வரையறேன்னு சொல்லிட்டுத்தான் போனா."