காட்டுக்குத் தாய்மாமன்

திரை முழுக்க ஒரே சிவப்பு. அவள் இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகு சந்தோஷம் தாங்காமல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“தாய்மாமன் வந்தாச்சு!” என்று பக்கத்து மேஜைக்காரர் வாசலைக் காட்டிக் கண்ணடித்தார்.

செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காடுகளின் உடல்நிலையைக் கணிக்கும் அலுவலகம் அது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை தவறாமல் ஒரு பெரியவர் வருவார். அக்கா மகளின் காய்ச்சலை விசாரிப்பதுபோல அந்த மலைக்காட்டை விசாரித்துவிட்டுப் போவார். பட்டப்பெயர் வந்தது அதனால்தான்.

எந்தப் பருவத்திலும் இலை உதிர்க்காத அடர்ந்த காடு அது. இரண்டு வருடம் முன்பு அதில் பூஞ்சை நோய் புகுந்தது. அவள்தான் தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னாள். “இது பரவினா மரமெல்லாம் மொட்டையாயிடும் ஐயா.”

“மொட்டையானா மேலேர்ந்து பார்த்தா தரை தெரியுமாம்மா?” என்று மட்டும் அவர் கேட்டார்.

அதிர்ச்சியில் ஏதோ உளறுகிறார், பாவம் என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். என்றைக்காவது இந்த மனிதருக்கு ஒரு நல்ல சேதி சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே மனதில் முடிந்துகொண்டாள். இன்றைக்கு அந்த நாள்.

பெரியவர் வந்து உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். திரையைப் பார்த்தார்.

“சிவப்புன்னா இலை நல்லா இருக்குன்னு சொல்லுவியே?”

“ஆமா ஐயா! கண்ணுக்குத் தெரியாத ஒளியில எடுத்த படம், அதான் இப்படி. நோய் சுத்தமா போயிடுச்சு. மறுபடி துளிர்த்து மூடிக்கிச்சு. ஒரு எள்ளு விழ இடமில்ல!”

அவர் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. முகம் மரத்துப்போயிருந்தது.

“எங்கயாவது இடைவெளி?”

“துளிகூட இல்ல ஐயா. நம்புங்க.”

“இனிமே எத்தனை வருஷம் இப்படியே இருக்கும்?”

“உங்க காலத்துக்கு மட்டுமில்ல, என் காலத்துக்கும் இருக்கும்.”

தலையை மட்டும் ஆட்டினார். வயதானவர், சந்தோஷத்தில் வாயடைத்துப்போய்விட்டார் என்று நினைத்தாள். படத்தை அச்செடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் அதைத் திருப்பி மேஜைமேலேயே வைத்தார். “இனிமே நான் வரமாட்டேம்மா. ரெண்டு வருஷமா உனக்குத் தொந்தரவு.”

“என்ன ஐயா இப்படிச் சொல்றீங்க? காடு பிழைச்சதுல உங்களுக்குச் சந்தோஷம் இல்லையா?”

பெரியவர் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“எம்பொண்ணு ஓட்டிட்டுப் போன விமானம் அங்கதாம்மா விழுந்துச்சு, இன்னும் யார் கண்ணுலயும் படல.”