பதினேழுக்கு ஊட்டுதல்

கொல்வதற்கு முன் அதற்கு ஊட்ட வேண்டும்.

பசியோடு கிடக்கும் ஈஸ்ட், அந்த நோய்ப் பூஞ்சை, செத்தால், கொன்றது மருந்தா பசியா என்று சொல்ல முடியாது. ஆகவே அவள் சர்க்கரைக் கரைசலைத் துளித் துளியாக அளந்து விட்டாள். உடற்சூட்டில் ஒரு நாள் வைத்துக் கொழுக்கச் செய்தாள். பிறகு அதை ஆய்வகத் தட்டில் பரப்பி, புதிய மருந்துகளில் நனைத்த காகித வில்லைகளை மேலே வைத்தாள்.

மருந்து கொன்றால் வில்லையைச் சுற்றி வெறும் வட்டம் விழும்.

ஓராண்டாக விழவில்லை.

“எதப் போட்டாலும் அசைய மாட்டேங்குது. என்ன பிறவியோ போங்கக்கா,” என்பாள் அடுத்த மேசை எஸ்தர்.

ஈஸ்ட் இருந்த குப்பியின்மேல் பெயர் கிடையாது. பதினேழு என்ற எண் மட்டும்.

அது தன் கணவனின் இரத்தத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அவள் அறிவாள். வண்டியோடு விழுந்து, இதே மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவன் கிடந்தபோது, ஊசி இறங்கியதை அருகில் நின்று பார்த்தவள்.

அவளுடைய மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை அறைந்து சாத்தியவன் அவன். எலும்பு முறிந்த ஓசை கேட்டபின், மீண்டும் ஒருமுறை.

எலும்பு கோணலாகக் கூடிற்று.

“ஆம்பளைன்னா கோவம் வரத்தான் செய்யும்,” என்றார் அப்பா. காவல் நிலையத்தில் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

பதினேழு எதுவும் சொல்லவில்லை. அவனுடைய சிறுநீரகத்தைத் தின்றது. கண்களைத் தின்றது. இதயத்துக்குள் புகுந்து அவனை முடித்தது.

அவனோடு அது நிற்கவில்லை. அந்தப் பிரிவின் கட்டில்களில் ஒட்டிக்கொண்டது. சென்ற மாதம் ஒரு சிறுமியை, அதேபோல், கண்களிலிருந்து தின்னத் தொடங்கியது.

இன்று காலை தட்டைத் திறந்தாள்.

ஒரு வில்லையைச் சுற்றி வட்டம். விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. உள்ளே உயிர் என்று ஒன்றில்லை.

எஸ்தர் இன்னும் பார்க்கவில்லை. கழிவு வாளி காலருகே திறந்திருந்தது. தட்டு அதற்குள் விழுந்தால் எந்த மருந்து கொன்றது என்று யாருக்கும் தெரியாது; பதினேழு பிழைத்துக்கொள்ளும்.

கோணல் மணிக்கட்டு தட்டைப் பிடித்தபடி இருந்தது.

வாளியைக் காலால் தள்ளி விலக்கினாள்.

“எஸ்தர், இங்க வா. செத்துடுச்சு.”

எஸ்தர் தட்டை வாங்கிக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்கு ஓடினாள்.

மருந்தை உறுதிசெய்ய ஒருமுறை கொன்றது போதாது. இன்னும் இருமுறை கொன்று காட்ட வேண்டும்.

அவள் குப்பியை எடுத்தாள்.

சர்க்கரையை, முதன்முறையாக, அளக்காமல், அதன் வயிறார விட்டாள்.